சிரசும் உடலும்: படவேட்டிலிருந்து குடியாத்தம் வரை

முதல் நாள்: படவேடு

வைகாசி முதல் தேதி வேலூர் மாவட்டத்துக் குடியாத்தத்தில் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா; அம்மனின் தலையை ஊர்வலமாகக் கொண்டுவந்து உடலில் பொருத்தும் விழா. அதைக் காண வேண்டும் என்பதுதான் இந்தப் பயணத்தின் நோக்கம் என்றாலும், சிரசு எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்ளாமல் அது உடலில் சேர்வதை மட்டும் பார்ப்பதில் பொருள் இல்லை என்று தோன்றியது. ஆகவே சித்திரை முடிவதற்குள், அந்தச் சிரசுக்கு உரியவளாகக் கதை கூறும் படவேட்டு ரேணுகாம்பாளைத் தரிசித்துவிடத் தீர்மானித்து, இன்று விடியற்காலையிலேயே வேலூரிலிருந்து பேருந்து ஏறினேன். கணியம்பாடி, கண்ணமங்கலம், சந்தவாசல் என்று ஊர்கள் கடக்கக் கடக்க, இடப்பக்கம் வயல்களும் வலப்பக்கம் சவ்வாது மலையின் தொடர்ச்சியும் கூடவே வருகின்றன. சந்தவாசலில் பெருஞ்சாலையை விட்டுத் திரும்பியதும் வாழைத் தோட்டங்கள் தொடங்கிவிடுகின்றன. அக்கினி நட்சத்திர வெயிலில் அந்தப் பசுமை ஒன்றே கண்ணுக்கு ஆறுதல்.

படவேடு இன்று திருவண்ணாமலை மாவட்டத்தில் இருக்கிறது. 1989-இல் வட ஆர்க்காடு இரண்டாகப் பிரிக்கப்பட்டபோது இப்பகுதிக்குத் திருவண்ணாமலை சம்புவராயர் மாவட்டம் என்றே பெயர் சூட்டினார்கள். அந்தப் பெயருக்குரிய சம்புவராய அரசர்களின் தலைநகரம் இந்தச் சிற்றூர்தான். பதினான்காம் நூற்றாண்டில் வென்றுமண்கொண்டாரும் இராசநாராயணரும் இங்கிருந்து ஆண்டார்கள். பிறகு விசயநகரத்து இளவரசர் குமார கம்பணர் தெற்கே மதுரைக்குப் படை நடத்திச் செல்லும் வழியில், இராசகம்பீரன் மலையில் சம்புவராயரை முதலில் வென்றார். அந்தப் படையெடுப்பை வடமொழிக் காவியமாகப் பாடியவர் அவருடைய மனைவி கங்காதேவி. கோட்டை அழிந்து, அரண்மனை இருந்த இடம் உழுநிலமாகிவிட்ட பின்னும் கோயில்கள் மட்டும் ஊரெங்கும் எஞ்சி நிற்கின்றன. அவற்றுள் யோக நிலையில் அமர்ந்த இராமரும், அவர் எதிரே ஓலைச்சுவடி படிக்கும் அனுமனும் இருக்கும் கோயிலைத் தனியே ஒருமுறை வந்து பார்க்க வேண்டும். இன்று அதற்கு நேரம் ஒதுக்கவில்லை.

ரேணுகாம்பாள் சன்னதியின் அமைப்பில் முதலில் உணர வேண்டியது, நம் பார்வை எங்கே செல்கிறது என்பது. சிவன் கோயிலில் அம்மன் நின்ற கோலத்தில் இருப்பாள். பாதம் தொடங்கி முகம் வரை பார்வையை உயர்த்திப் பழகியவர்கள் நாம். இங்கே தலைகீழ் முறை. கருவறையில் தாழ்ந்த நிலையில் உள்ள அம்மனின் சிரசுதான் முதன்மை. நின்றபடி பார்க்க முயன்றால் முன்னால் இருப்பவர் முதுகுதான் தெரியும். சற்றுக் குனிந்தால்தான் மஞ்சள் பூசிய முகமும் அகன்ற கண்களும் தெரிகின்றன. கூட்டத்தில் எல்லோரும் தாமாகவே குனிகிறார்கள். பிரமன், திருமால், சிவன் மூவரும் அருவுருவமாக இதே கருவறையில் உறைகிறார்கள் என்பது தலபுராணம். ஆதிசங்கரர் வந்து பாணலிங்கத்தையும் மக்களை ஈர்க்கும் சனாகர்ஷணச் சக்கரத்தையும் நிறுவினார் என்றும் அது கூறுகிறது. முழு உருவம் கொண்ட மும்மூர்த்திகளுக்கு இடமில்லாத கருவறையில் ஒரு பெண்ணின் தலை நடுநாயகமாக இருப்பதை, இதற்கு முன் வந்தபோதெல்லாம் நான் சிந்தித்ததே இல்லை.

கதையை இங்கே எல்லோரும் அறிவார்கள். சமதக்கினி முனிவரின் மனைவி ரேணுகை, தன் கற்பின் திண்மையால் ஆற்றங்கரையின் ஈரமணலையே குடமாகப் பிடித்து நாள்தோறும் நீர் கொண்டு வருவாள். ஒரு நாள் வானத்தில் சென்ற கந்தருவன் ஒருவனின் நிழல் நீரில் தெரிய, அவன் அழகை ஒரு கணம் வியந்தாள். மணல் குடமாகத் திரளவில்லை. முனிவர் சினந்து மைந்தர்களை அழைத்துத் தாயை வெட்டச் சொல்ல, மற்றவர்கள் மறுக்க, பரசுராமன் வெட்டினான். தந்தை தந்த வரத்தால் தாயின் உயிரையே திரும்பக் கேட்டான். அந்த மணல் எடுத்த ஆறு இதோ பக்கத்தில் ஓடும் கமண்டல நதிதான் என்றும், முனிவரின் கமண்டலத்திலிருந்து பெருகியதால் அதற்கு அப்பெயர் என்றும் ஊரார் கூறுகிறார்கள். இப்போது ஆற்றில் மணலைவிடக் கல்தான் மிகுதி. செண்பகத்தோப்பு அணைக்கு மேலே மலையில் மழை பெய்தால்தான் நீர்.

சமதக்கினி வேள்வி செய்த இடத்து மண்ணே இங்கே திருநீறாக வழங்கப்படுகிறது. ஆனித் திருமஞ்சன நாளில் அதை வெட்டி எடுப்பார்கள். கடையில் வாங்கும் திருநீற்றின் மென்மை இதில் இல்லை. விரலில் நறநறவென்று மண்ணாகவே உணர்கிறது. பிராகாரத்தில் ஒரு குடும்பத்தார் சிறுமிக்கு வேப்பிலை ஆடை கட்டிவிட்டு வலம் வந்துகொண்டிருந்தார்கள். அம்மை கண்டு தணிந்த நேர்த்திக்கடன் என்றார் அவளுடைய பாட்டி. வேப்பிலைக்குக் காரணமும் அவரே சொன்னார்: "முனிவரைக் கார்த்தவீரியன்னு ஒரு ராசாவோட ஆளுங்க கொன்னுட்டாங்க கண்ணு. தாயி கூடவே தீயில எறங்கிட்டா. இந்திரன் மழையக் கொட்டி நெருப்ப அணைச்சான். ஒடம்பெல்லாம் கொப்புளம். கட்ட துணியில்ல, வேப்பிலையத்தான் சுத்திக்கினா. பசிக்குதுன்னு ஊருக்குள்ள வந்தவளுக்கு மாவும் வெல்லமும் எளநீரும் குடுத்தாங்க." ஆடி மாதத்தில் அம்மன் கோயில்களில் கூழ் வார்ப்பதற்கும் இதுவே மூலக்கதை. வெட்டுண்ட கதையும் வெந்த கதையும் ஒரே பெண்ணின் வாழ்வில் அடுத்தடுத்து நிகழ்ந்தவை என்பதை அந்தப் பாட்டி சொன்ன வேகத்தில்தான் நான் உணர்ந்தேன்.

இரண்டாம் நாள்: விரிஞ்சிபுரம், வெட்டுவாணம்

இன்று அதிகம் எழுத இல்லை. வேலூரிலிருந்து மேற்கே பெங்களூரு சாலையில் சென்று, முதலில் விரிஞ்சிபுரத்தில் இறங்கினேன். மார்க்கபந்தீசுவரர் கோயிலின் மரகதாம்பிகை சன்னதி, நேற்று பார்த்த படவேட்டுக்கு எல்லா வகையிலும் எதிரானது: ஆகமம் விதித்த இடத்தில், முழு உருவத்தில், பெயருக்கேற்ற நிதானத்தில் அம்மன் நிற்கிறாள். வெட்டு இல்லை, தீ இல்லை. நான் இங்கே வந்ததற்கு வேறு காரணம் உண்டு. விசயநகர அரசர் இரண்டாம் தேவராயர் காலத்தில், 1425-இல் பொறிக்கப்பட்ட ஒரு கல்வெட்டு இக்கோயிலில் இருக்கிறது. படைவீட்டு இராச்சியத்து அந்தணர்கள், அவர்களுள் கன்னடர், தமிழர், தெலுங்கர், இலாடர் (குசராத்துப் பக்கத்தவர்) என எல்லாரும் கூடி, இனித் திருமணம் கன்னிகாதானமாகவே நடைபெற வேண்டும், பெண்ணுக்காகப் பொன் கொடுத்தவரும் வாங்கியவரும் அரச தண்டனைக்கு உரியவர்கள், சாதியிலிருந்தும் விலக்கப்படுவார்கள் என்று செய்துகொண்ட உடன்படிக்கை அது. ரேணுகையின் ஊரைத் தலைமையாகக் கொண்ட நாட்டில், பெண்ணை விலை பேசக்கூடாது என்று ஆண்கள் எழுதிவைத்த கல் இது. அந்தக் கூட்டத்தில் பெண்கள் எவரும் கையெழுத்திட்டதாகத் தெரியவில்லை என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

பிற்பகலில் பள்ளிகொண்டாவைக் கடந்து வெட்டுவாணம் எல்லையம்மன் கோயில். நெடுஞ்சாலையை ஒட்டிய கோயில் ஆதலால் லாரிகளின் இரைச்சலுக்கு நடுவேதான் வழிபாடு. கூட்டம் அதிகம் இல்லாததால் விரைவில் தரிசனம் முடிந்தது. எல்லையம்மனை இப்பயணத்தில் சேர்த்துக்கொண்டதற்குக் காரணம் கதையில் இருக்கிறது.

மகாபாரதத்தின் வனபருவத்தில் ரேணுகை கதை வருகிறது. அங்கே அவள் பிரசேனசித்தின் மகள். அவள் நீரில் கண்டது சித்திரரதன் என்னும் அரசனை, மனைவியருடன் நீராடுகையில். மணல் குடம் அங்கே இல்லை. மறுத்த நான்கு மைந்தர்களும் சாபத்தால் அறிவிழக்க, பரசுராமன் கோடரியால் தாயின் தலையை வீழ்த்துகிறான். வரம் கேட்கும்போது தாய் உயிர்த்தெழ வேண்டும், நடந்தது அவள் நினைவில் இருக்கக்கூடாது, உடன்பிறந்தார் பழைய நிலை அடைய வேண்டும் என்று கேட்கிறான். அவ்வளவே கதை. வெட்டுண்ட பெண் தன் உடலிலேயே தன் தலையோடு எழுகிறாள், எதையும் நினைவில் கொள்ளாமல்.

நம் பக்கத்துக் கதை அப்படி முடிவதில்லை. கோடரிக்கு அஞ்சி ஓடிய ரேணுகை சேரிக்குள் புகுந்து ஒரு பெண்ணிடம் அடைக்கலம் கேட்க, அவள் இவளை இறுகக் கட்டிக்கொள்ள, பரசுராமன் இருவர் தலையையும் ஒரே வீச்சில் துண்டித்தான். வரம் பெற்றுத் திரும்பியவன் அவசரத்தில் தலைகளை மாற்றிப் பொருத்திவிட்டான். முனிபத்தினியின் தலையும் சேரிப்பெண்ணின் உடலும் சேர்ந்தவள் மாரியம்மன். சேரிப்பெண்ணின் தலையும் முனிபத்தினியின் உடலும் சேர்ந்தவள் எல்லையம்மன். இது இக்கதையின் ஒரு வடிவம் மட்டுமே. கருநாடகத்துச் சவதத்தியில் எல்லம்மா என்றாலே ரேணுகைதான், மகாராட்டிரத்து மாகூரில் ரேணுகையின் முகம் மட்டுமே வழிபாட்டுக்கு உரியது. ஆனாலும் இந்த வடிவத்தை மனத்தில் கொண்டு எல்லையம்மன் முன் நிற்கும்போது, எந்தக் கோயிலிலும் பெரிதாகப் பேசப்படாத அந்த அடைக்கலம் தந்த பெண் இங்கேயாவது முகத்தோடு இருக்கிறாளே என்ற எண்ணம் வருவதைத் தவிர்க்க முடியவில்லை.

மூன்றாம் நாள்: குடியாத்தம், தேர்

குடியாத்தத்தைத் தீப்பெட்டி, பீடி, கைத்தறி லுங்கி ஆகியவற்றால் அறிந்தவர்கள் உண்டு. 1954-இல் முதலமைச்சராகப் பொறுப்பேற்ற காமராசர் இடைத்தேர்தலில் நின்று வென்ற தொகுதி என்று அறிந்தவர்களும் உண்டு. இந்த வாரம் இரண்டையும் யாரும் நினைப்பதில்லை. ஊரே கெங்கையம்மனுடையது. தறிகள் நின்றுவிட்டன. வெளியூர்களில் வேலை பார்க்கும் பிள்ளைகள் குடும்பத்தோடு வந்து இறங்கியபடி இருக்கிறார்கள். நான் தங்கியிருக்கும் வீட்டுப் பெரியவர் நாற்பது வருடங்களுக்கு மேல் தறியில் அமர்ந்தவர். தீபாவளிக்குப் புதுத்துணி எடுக்காத வருடங்கள் உண்டு, சிரசுக்கு எடுக்காத வருடம் இல்லை என்கிறார்.

ஊரின் கிடப்பைத் தெரிந்துகொண்டால்தான் நாளைய நிகழ்ச்சி விளங்கும் என்பதால், தேர் புறப்படுவதற்கு முன் பெரியவரோடு நடந்து பார்த்தேன். மோர்தானா அணையிலிருந்து வரும் கௌண்டன்ய மகாநதி ஊருக்கு நடுவே ஓடிப் பாலாற்றை நாடுகிறது. அதன் கரையில், கோபாலபுரத்தில், கெங்கையம்மன் கோயில். ஊரின் இன்னொரு பகுதியான தரணம்பேட்டையில் முத்தியாலம்மன் கோயில். சிரசு நாளை முத்தியாலம்மன் கோயிலிலிருந்து புறப்பட்டு, கடைத்தெருக்கள் வழியாக வந்து, கெங்கையம்மன் கோயிலில் உள்ள சிரசு மண்டபத்தை அடையும். அங்கே உடல் காத்திருக்கும். இரவில் சிரசு உடலிலிருந்து எடுக்கப்பட்டுச் சுண்ணாம்புப்பேட்டைச் சலவைத் துறைக்குச் செல்லும்.

இதைக் கேட்டபோது ஒன்று புரிந்தது. படவேட்டில் கருவறைக்குள் அடங்கியிருந்த கதை, இங்கே ஊர் முழுவதும் பரப்பி வைக்கப்பட்டிருக்கிறது. தலை ஓரிடம், உடல் ஓரிடம், நீர்த்துறை ஓரிடம். கோயிலின் அமைப்பை வரைபடமாக எழுதச் சொன்னால், கோபாலபுரத்துக் கோயிலின் மதில்களோடு நிறுத்திக்கொள்ள முடியாது. குடியாத்தத்தின் வீதிகளையும் சேர்த்தே வரைய வேண்டும். படவேட்டில் தலையைப் பார்க்க நாம் போகிறோம். இங்கே தலை நம்மைக் கடந்து போகிறது.

தேரோட்டம் சிறப்பாகவே நடந்தது. வழியெங்கும் மக்கள் தேரின் மீது உப்பும் மிளகும் இறைத்தார்கள். என் சட்டைப்பைக்குள் விழுந்த மிளகை இரவில் உதறியபோதுதான் பார்த்தேன். நாளை விடியும் முன் எழ வேண்டும்.

நான்காம் நாள்: சிரசு

இருள் பிரியும் முன்பே தரணம்பேட்டையில் நிற்க இடமில்லை. மேளமும் பம்பையும் ஒன்றை ஒன்று அமுக்கிவிட, பூசைகள் முடிந்து சிரசு வெளியே வந்தது. மனிதத் தலையைவிடப் பன்மடங்கு பெரிய முகம். மேலும் மேலும் மாலைகள் விழுந்ததால், சற்று நேரத்தில் கண்களும் மூக்குத்தியும் நெற்றியும் மட்டுமே தெரிந்தன. படவேட்டில் குனிந்து பார்த்த அதே முகத்தை இங்கே அண்ணாந்து பார்க்க வேண்டியிருந்தது. சுமப்பவர் தலைக்கு மேல் அம்மன் தலை என்பதால், தொலைவிலிருந்து பார்க்கையில் கூட்டம் முழுவதும் சேர்ந்து ஒரே உடலாகி, அந்தத் தலையைத் தாங்கி நகர்வதாகத் தோன்றியது.

முன்னால் சிலம்பம் சுற்றுபவர்கள், பொய்க்கால் குதிரை, உடம்பெல்லாம் மஞ்சளும் கறுப்பும் பூசிய புலியாட்டக்காரர்கள். அதற்கும் முன்னால் தேங்காய். சூறைத் தேங்காய் உடைப்பதை எல்லாக் கோயில்களிலும் பார்த்திருக்கிறோம். இங்கே மூட்டை மூட்டையாக வீதியில் குவித்து வைத்து, சிரசு நெருங்கும்போது ஒவ்வொன்றாக ஓங்கி அடிக்கிறார்கள். இளநீர் தெறித்துச் சாலை ஈரமாகி, சில்லுகள் காலைக் குத்தாமல் நடக்க முடியவில்லை. பொறுக்கிக்கொள்ளச் சாக்குப்பையோடு சிறுவர்கள் பின்தொடர்கிறார்கள். வேண்டிக்கொண்டவர் எண்ணிக்கைக்கு ஏற்பக் குவியல் உயரும் என்றார் அருகில் நின்றவர். நீர்மோர்ப் பந்தல்களில் குவளையை நீட்டியவர்கள் யார் எவர் என்று கேட்காமல் கொடுத்தபடி இருந்தார்கள். வெயில் ஏறிய பிறகு, நடுப்பேட்டை காந்தி சாலையில் நகரவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் நெடுநேரம் மாட்டிக்கொண்டேன். குழந்தைகளோடு வருபவர்கள் இந்தப் பகுதியைத் தவிர்த்து நேரே கோபாலபுரத்துக்குப் போய்விடுவது நல்லது.

சிரசு மண்டபத்தில் உடல் தயாராக இருந்தது. பட்டுடுத்தி, ஆயுதம் ஏந்திய கைகளோடு, கழுத்து வரை முழுமையாக அலங்கரிக்கப்பட்டு, கழுத்துக்கு மேல் ஒன்றுமில்லாமல். அதைச் சண்டாளச்சி உடல் என்றே அழைக்கிறார்கள். திருவிழா அழைப்பிதழ் முதல் செய்தித்தாள் வரை அதுவே வழக்கு. தலைக்கு ரேணுகை, கெங்கை என்று பெயர்கள் இருக்கின்றன. அடைக்கலம் தந்து வெட்டுண்டவளுக்குச் சாதி மட்டும்தான் சொல்லப்படுகிறது. பக்தியோடு நிற்கும் ஆயிரக்கணக்கானவர்களுக்கு நடுவே இப்படி யோசிப்பது எனக்கே சற்றுக் கூச்சமாக இருந்தது. ஆனால் பக்கத்தில் இருந்த பெரியவரிடம் கேட்டேவிட்டேன். அவர் தயங்காமல், "தம்பி, தல வர்ற வரைக்கும் அது ஒடம்பு. தல வந்து ஒக்காந்துட்டா ரெண்டும் ஒண்ணு. அப்புறம் எது யாருதுன்னு ஒருத்தரும் கேக்க மாட்டாங்க. நீங்க இப்பவே கேட்டுட்டீங்க" என்றார். அவர் பதில் எனக்கு முழு நிறைவைத் தரவில்லை என்பதையும், அதைவிட நல்ல பதில் என்னிடம் இல்லை என்பதையும் எழுதிவைக்கிறேன்.

சிரசு மண்டபத்துக்குள் நுழைந்ததும் ஆரவாரம் எழுந்தது. உடலின் மேல் தலை பொருத்தப்பட்டது. கண் திறப்பு நிகழ்ந்து தீபாராதனை காட்டியபோது கூட்டத்தின் பல பக்கங்களிலும் பெண்கள் அருள்வந்து ஆடினார்கள். அவர்களைத் தாங்கிப் பிடித்தவர்களும் பெண்களே. அதற்குப் பிறகு மாலை வரை தரிசன வரிசை. படவேட்டில் தலை மட்டும், விரிஞ்சிபுரத்தில் முழு உருவம். இங்கே ஒரு பகற்பொழுதுக்கு மட்டும் முழு உருவம். கதைப்படி பரசுராமன் அவசரத்தில் செய்த தவற்றை, குடியாத்தத்து மக்கள் ஆண்டுதோறும் நிதானமாக, முறைப்படி, மேளதாளத்தோடு செய்கிறார்கள். அவர்கள் பார்வையில் அது தவறே அன்று. சரியான தலையைச் சரியான உடலில் வைத்திருந்தால் ரேணுகை முனிவரின் ஆசிரமத்துக்கே திரும்பியிருப்பாள்; இந்த ஊருக்கு ஒரு தாய் கிடைத்திருக்க மாட்டாள்.

இரவில் சிரசு உடலிலிருந்து எடுக்கப்பட்டு, ஆற்றங்கரையில் சுண்ணாம்புப்பேட்டைச் சலவைத் துறைக்குச் சென்றது. வாணவேடிக்கை பார்க்கக் கூட்டம் ஆற்றுப்படுகை வரை இறங்கி நின்றது. அங்கே மாலைகளும் ஆபரணங்களும் களையப்பட்ட பின், சிரசு மீண்டும் முத்தியாலம்மன் கோயிலுக்கே போய்ச் சேருகிறது. ஏன் சலவைத் துறை என்று கேட்டால், தீயிலிருந்து எழுந்து வேப்பிலையோடு நின்ற ரேணுகைக்குத் துணி கொடுத்தவர்கள் சலவைத் தொழிலாளர்கள் என்ற கதையை நினைவூட்டுகிறார்கள். மாவு கொடுத்தவர்கள், வெல்லம் கொடுத்தவர்கள், துணி கொடுத்தவர்கள், உடல் கொடுத்தவள் என்று ஊரின் ஒவ்வொரு பிரிவுக்கும் கதையில் ஒரு பங்கு இருக்கிறது. திருவிழாவிலும் அவரவர் பங்கு அவரவருக்கு.

பூப்பல்லக்கு இன்னும் பாக்கி இருக்கிறது. எனக்கு நாளைக் காலையே ஊர் திரும்ப வேண்டும். அடுத்த வருடம் வர நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள்: வைகாசி முதல் தேதி, மே 14 அல்லது 15-இல் வரும். குடியாத்தம் ரயில் நிலையம் ஊருக்குச் சற்றுத் தொலைவில் இருப்பதால், அங்கிருந்து பேருந்தோ ஆட்டோவோ பிடிக்க வேண்டும். திருவிழா நாளில் அது எளிதன்று, முந்தைய நாளே வந்துவிடுங்கள். தங்கும் அறைகள் கிடைப்பது கடினம். வேலூரில் தங்கி அதிகாலையில் வருபவர்களும் உண்டு. படவேட்டுக்கு ஆடி வெள்ளிகளைத் தவிர்த்து வேறு நாளில் போனால், சிரசின் முன் சற்று நின்று பார்க்க விடுவார்கள். இரண்டையும் பார்ப்பதாக இருந்தால் படவேட்டை முதலில் பாருங்கள்.